போகத்துக்கு ஒரு வரவு, கிழமைக்கு ஒரு தவணை: குடும்பக் கடனைக் கணக்கிட்டு அடைக்கும் முறை

சிக்கனத்தைப் பற்றியும் கடன் தீர்ப்பதைப் பற்றியும் எழுதப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, மாதம் தவறாமல் சம்பளம் பெறும் ஒருவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. வருமானத்தை மாதத் தொடக்கத்தில் பங்கு பிரித்து, இவ்வளவு சாப்பாட்டுக்கு, இவ்வளவு கடனுக்கு, இவ்வளவு சேமிப்புக்கு என்று ஒதுக்கச் சொல்வது பாடசாலை ஆசிரியருக்கும் கச்சேரி ஊழியருக்கும் பொருந்தும். கிழக்கிலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வெள்ளாமை செய்துகொண்டு இடையிடையே கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கோ, வாழைச்சேனையிலும் திருக்கோவிலிலும் கடலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கோ அது அப்படியே பொருந்தாது. பெரும்போக நெல் தை முதல் பங்குனி வரையில் வெட்டப்படுகிறது. குளத்துத் தண்ணீர் எட்டும் வயல் வட்டைகளில் மட்டும் சிறுபோகமும் உண்டு. வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொள்ளும் கார்த்திகை, மார்கழியில் கடலும் கொந்தளிக்கும், மேசன் வேலையும் நின்றுவிடும். ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் குழுக் கடனுக்கு மட்டும் மாரியும் கோடையும் ஒன்றுதான். ஒவ்வொரு கிழமையும் அதே நாளில் அறவிட உத்தியோகத்தர் வந்துவிடுகிறார்.

வரவு போகத்துக்கு ஒரு முறை வருவதும் தவணை கிழமைக்கு ஒரு முறை வருவதுமாகிய இந்தப் பொருத்தமின்மையே எங்கள் பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் கடனுக்கு அடித்தளம் என்பது என் எண்ணம். ஊதாரித்தனத்தால் கடன்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த கொப்பிகளில் பெரும்பாலானவற்றில் ஊதாரித்தனத்தைக் காணவில்லை. மார்கழியில் தவணை கட்டுவதற்காக வாங்கிய கைமாற்றையும், அந்தக் கைமாற்றைத் தீர்ப்பதற்காக ஈடு வைத்த காப்பையுமே கண்டேன். ஆகவே இங்கு வரவு செலவுத் திட்டம் என்று நான் சொல்வது, மாதக் கணக்காக மட்டும் இல்லாமல், ஆண்டு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் கணக்காக இருக்கும்.

முதலில் மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். வாங்கிய தொகை முதல். அந்தப் பணத்தைப் பயன்படுத்துவதற்காகக் கொடுக்கும் கூலி வட்டி. இரண்டையும் சேர்த்தோ, சில வேளை வட்டியை மட்டுமோ, குறித்த நாளில் செலுத்தும் பங்கு தவணை. ஒரு தவணையைக் கட்டும்போது அதில் எவ்வளவு முதலைக் குறைக்கிறது, எவ்வளவு வட்டியாகப் போகிறது என்று கேட்டறியாதவர், எத்தனை வருடம் கட்டினாலும் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அறிய முடியாது.

வட்டியை ஒரே அளவுகோலில் அளத்தல்

ஊரில் வட்டி பல மொழிகளில் பேசப்படுகிறது. தனியாரிடம் வாங்குபவர் 'நூற்றுக்கு ஐந்து' என்பார்; அது மாதத்துக்கு ஐந்து, ஆகவே ஆண்டுக்கு 60 வீதம். 'நூற்றுக்குப் பத்து' என்றால் ஆண்டுக்கு 120 வீதம். வங்கியில் அடகு வைப்பவருக்கோ வட்டி, பதினெட்டு வீதம் என்பதுபோல, ஆண்டுக் கணக்கிலேயே சொல்லப்படுகிறது. ஐந்து என்ற எண் காதுக்குச் சிறியதாகவும் பதினெட்டு என்ற எண் பெரியதாகவும் ஒலிப்பதால், வங்கியை விட்டுவிட்டுத் தனியாரிடம் போனவர்கள் உண்டு. எல்லாக் கடனையும் ஆண்டு வீதமாக மாற்றி எழுதினால் இந்த மயக்கம் தீர்ந்துவிடும்.

இதைவிட நுட்பமான இன்னொரு மயக்கம் தவணைக் கடன்களில் இருக்கிறது. ஒரு இலட்சம் ரூபாவை 24 வீத வட்டிக்கு ஒரு வருடத்தில் பன்னிரண்டு தவணைகளாகத் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் முழு வருட வட்டியை முன்கூட்டியே போட்டுக் கூட்டினால், வட்டி 24,000 ரூபா. மாதத் தவணை 10,333 ரூபா. ஆனால் மாதம் தோறும் முதலும் குறைந்துகொண்டு போகிறதே, ஆறாவது மாதத்தில் கடனாளியின் கையில் இருப்பது ஏறத்தாழ அரை இலட்சந்தானே, முழு இலட்சத்துக்கு ஏன் வட்டி என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. எஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டும் அதே 24 வீதத்தைக் கணக்கிட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 9,456 ரூபாவாகும். முழு வட்டியும் 13,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். முதலாவது முறையில் வாங்கியவர் உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீத வட்டி கொடுக்கிறார். கடன் வாங்கும் முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, வட்டி எத்தனை வீதம் என்பதோடு நின்றுவிடக் கூடாது. 'வட்டி முழு முதலுக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா?' என்பதையும், 'எல்லாக் கட்டணங்களும் சேர்த்து நான் மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்டுவேன்?' என்பதையும் கேட்க வேண்டும். முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கான லீசிங்கிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

வட்டி என்ற பெயரே இல்லாமல் வட்டி அறவிடப்படும் இடங்களும் உண்டு. உரம், கிருமிநாசினி, உழவுக் கூலி ஆகியவற்றுக்குக் கடன் கொடுத்து, அறுவடையில் நெல்லாக எடுத்துக்கொள்ளும் வியாபாரியின் கணக்கைப் பார்ப்போம். அவர் ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான பொருளை ஐப்பசியில் தருகிறார். மாசியில் 2,000 கிலோ நெல்லைச் சந்தை விலையிலும் கிலோவுக்கு 10 ரூபா குறைத்து எடுத்துக்கொள்கிறார். அந்தக் குறைப்பு 20,000 ரூபா. நான்கு மாதத்துக்கு 20 வீதம் என்பது ஆண்டுக்கு 60 வீதம். கொப்பியில் வட்டி என்று ஒரு வரியும் இருக்காது. 'அண்ணன் வட்டி வாங்காமல்தான் தந்தவர்' என்று நன்றியோடு சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். இத்தகைய கடனை எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை, ஏனெனில் விதைப்பு நேரத்தில் வேறு வழியில்லாதவர்கள் பலர். அதையும் வட்டிக் கடன்களின் வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

சீட்டைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பத்துப் பேர் மாதம் 5,000 ரூபா போட்டு, குலுக்கி ஒருவர் 50,000 எடுப்பது குலுக்குச் சீட்டு. அதில் வட்டி இல்லை. கழிவுச் சீட்டில், அவசரப்பட்டவர் 'நான் பத்தாயிரம் கழித்து எடுக்கிறேன்' என்று கேட்டு 40,000 எடுக்கிறார். கழித்த தொகை எல்லோருக்கும் பகிரப்படுகிறது. முதலில் எடுப்பவர் கடனாளி, கடைசியில் எடுப்பவர் சேமிப்பாளர், அதே சீட்டுத்தான். கடன் தீர்க்கும் நோக்கில் சீட்டுப் போடுபவர் பின்னால் எடுப்பதே பயன் தரும். சீட்டுப் பிடிப்பவர் நம்பிக்கையானவரா என்பது வேறு விடயம். அதற்குக் கணக்கில் விடை கிடையாது.

ஒரு குடும்பத்தின் கொப்பி

கணக்குக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தை மாதத் தொடக்கத்தில் அவர்கள் ஒரு கொப்பியின் நடுப்பக்கத்தை விரித்து, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒளிக்காமல் எழுதுகிறார்கள். இதில் கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் மறைத்த கடன்கள் வெளிவரும் என்பதால், கொப்பியை விரிப்பதுதான் முழு முறையிலும் கடினமான படி. கடைக் கொப்பியில் 18,000 ரூபா, வட்டியில்லை. மனைவியின் பெயரிலுள்ள குழுக் கடனில் இன்னும் 30 கிழமைகளுக்கு, கிழமைக்கு 2,000 ரூபா வீதம் 60,000. வங்கியில் ஈடு வைத்த தாலிக்கொடிக்கு 150,000. அதன் வட்டி ஆண்டுக்கு 18 வீதம் என்று வைத்தால் மாதம் 2,250. தனியார் ஒருவரிடம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியது 50,000, மாதம் 2,500. மொத்தம் 278,000 ரூபா.

கடைசி இரண்டு வரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். 150,000 ரூபாக் கடனுக்குப் போகும் வட்டியைவிட 50,000 ரூபாக் கடனுக்குப் போகும் வட்டி கூடுதலாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் கவலையெல்லாம் கொடியைப் பற்றியதாகவே இருக்கும், ஏனெனில் கொடி கழுத்தில் இல்லாதது ஊருக்குத் தெரிகிறது, தனியார் கடன் தெரிவதில்லை.

இப்போது மாத வரவு. கூலி வேலையிலும் வீட்டுக் கோழி, மரக்கறி விற்பனையிலும் சாதாரண மாதத்தில் 45,000 ரூபா வருகிறது. வீட்டுச் செலவு 32,000. எஞ்சுவது 13,000. தவணைகளைக் கணக்கிடும்போது பலர் மாதத்துக்கு நான்கு கிழமை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆண்டில் 52 கிழமைகள் இருப்பதால் நான்கு மாதங்களில் ஐந்து தவணை வரும். நான்கு தவணை மாதத்தில் 8,000 உடன் இரண்டு வட்டிகளும் சேர்ந்து 12,750. கையில் 250 ரூபா மிஞ்சுகிறது. ஐந்து தவணை மாதத்தில் 14,750. 1,750 ரூபா குறைகிறது. அந்தக் குறைதான் கடைக் கொப்பியில் அரிசியாகவும் பருப்பாகவும் ஏறிக்கொண்டு போகிறது. வீட்டில் யாரும் எதையும் வீணாக்காமலே கடன் வளர்கிறது. இதைக் கண்ணால் காணும் வரையில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இனி அடைக்கும் வரிசை. இதற்கு இரண்டு வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. கூடிய வட்டியுள்ள கடனை முதலில் முடிப்பது ஒன்று. தொகையில் சிறிய கடனை முதலில் முடித்து, ஒன்று தீர்ந்த மனத்தெம்போடு அடுத்ததற்குப் போவது மற்றொன்று. கணக்கின்படி முதலாவது வழியே இலாபம். ஆனால் வட்டியில் பெரிய வேறுபாடு இல்லாத இரண்டு கடன்களிடையே சிறியதை முதலில் தீர்ப்பதில் தவறில்லை. நம் கணக்கிலுள்ள குடும்பத்துக்கு, 60 வீதம் வட்டி கேட்கும் தனியார் கடன் முதலாவது என்பதில் ஐயமே இல்லை.

பெரும்போகம் வெட்டி, அடுத்த போகத்துக்கான உழவு, விதை, உரச் செலவை ஒதுக்கிய பின்னர் 90,000 ரூபா நிற்பதாகக் கொள்வோம். வழமையாக இந்தப் பணத்துக்கு ஆயிரம் வாய்கள் திறக்கும். நம் குடும்பம் 50,000 ரூபாவைக் கொடுத்துத் தனியார் கடனை முதலோடு முடிக்கிறது. 25,000 ரூபாவைக் கார்த்திகை, மார்கழிக்கு என்று எழுதித் தனிச் சேமிப்புப் புத்தகத்தில் போடுகிறது. 15,000 ரூபாவை நோய்நொடிக்கு என வைக்கிறது. இந்தக் கடைசி ஒதுக்கீட்டைப் பார்த்து, 'கடனை வைத்துக்கொண்டு சேமிப்பதா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை வேலைக்குப் போகாமல் விட்டால், அந்தப் பதினைந்தாயிரம் இல்லாத வீடு மறுபடியும் நூற்றுக்கு ஐந்துக்கே போய் நிற்கும்.

அடுத்து, வீட்டுச் செலவில் மாதம் 3,000 ரூபாவைக் குறைக்கிறார்கள். எப்படி என்பதைப் பின்னர் சொல்கிறேன். தனியார் வட்டி நின்றுவிட்டதால், சித்திரை முதல் சராசரியாக மாதம் ஐயாயிரம் ரூபா மிஞ்சுகிறது. அதில் கடைக் கொப்பி நான்கு மாதத்தில் தீர்கிறது. ஆடியில் குழுக் கடனும் முடிகிறது. ஆவணியிலிருந்து மாதம் 13,750 ரூபா கையில் நிற்க, மூன்று மாதத்தில் அடகுக் கடனில் 41,250 ரூபாவைக் குறைக்கிறார்கள். அடகுப் பணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று அந்தந்தக் கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வரவு 25,000 ஆக விழும்போது, மாதம் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபா துண்டு விழும். அதை மாசியில் ஒதுக்கிய பணம் தாங்கும். அடுத்த பெரும்போகத்தில் 65,000 ரூபாவை அடகுக்குக் கட்டினால் 43,750 எஞ்சும். அது மூன்று நான்கு மாதத்துக்குரிய பணம். ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் கொடி வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கு முழுவதையும் கெடுக்கக்கூடிய ஒரு நாள் ஆடி மாதத்தில் இருக்கிறது. குழுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியதும், ஒழுங்காகக் கட்டியதற்குப் பரிசு போல, அடுத்த சுற்றில் கூடிய தொகை தருவதாகச் சொல்வார்கள். குழுவிலுள்ள மற்றவர்களும் சேர்ந்து எடுக்கச் சொல்வார்கள். அந்த நாளில் 'இந்தச் சுற்று வேண்டாம்' என்று சொல்வதற்கு முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்திருக்க வேண்டும். அதேபோல், இன்னொருவருக்காகத் தம் பெயரில் எடுத்துக் கொடுக்கும் கடன், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், எடுத்தவருடைய கடன்தான். குழுப் பிணையும் அப்படித்தான், மச்சாள் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும்.

மூவாயிரம் ரூபா எங்கிருந்து வரும்

சிக்கனம் என்றதும் சாப்பாட்டைக் குறைப்பதை நினைக்கிறோம். பிள்ளைகளின் தட்டில் கைவைப்பதற்கு முன்னர் பார்க்க வேண்டிய இடங்கள் பல உண்டு. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு ரூபாவையும் எழுதிப் பார்த்தால்தான் அவை தெரியும். அப்படி எழுதியவர்கள் முதலில் திகைப்பது கடைத் தேத்தண்ணியிலும் பணிஸிலும் போன் ரீலோடிலுந்தான். தேத்தண்ணியும் வடையுமாக நாளுக்கு 100 ரூபா என்று வைத்தாலும், 25 வேலை நாளில் 2,500 ரூபா. வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோனால் அதில் பெரும்பகுதி மிஞ்சும். வேலைத்தலத்தில் நண்பர்களோடு குடிக்கும் தேத்தண்ணியின் இன்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிழமைக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டும்.

மின்பட்டியலைப் பலர் விதி என்று விட்டுவிடுகிறார்கள். இலங்கையின் வீட்டு மின்கட்டண அமைப்பில், மாதப் பாவனை 60 அலகுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு கட்டண வரிசையும், 60 ஐத் தாண்டும் வீட்டுக்கு வேறொரு வரிசையும் உண்டு. தாண்டியவர் மேலதிக அலகுக்கு மட்டும் கூடிய விலை கொடுப்பதில்லை. முதல் 60 அலகின் விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்தே உயர்கின்றன. ஆகவே 63, 65 என்று நிற்கும் வீட்டில் ஐந்து அலகைக் குறைப்பது, 120 இல் நிற்கும் வீட்டில் ஐந்து அலகைக் குறைப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும். கிழமைக்கு ஒரு முறை மானியைப் பார்த்து எழுதினால், மாதம் முடியும் முன்னரே நிலைமை தெரிந்துவிடும். ஸ்திரிப்பெட்டியைத் தினமும் சூடாக்காமல் கிழமைக்கு ஒரு முறை உடுப்புகளை மொத்தமாக மினுக்குவது போன்றவை இந்தக் கடைசி ஐந்து அலகில்தான் காசாகின்றன.

வெள்ளாமைக் குடும்பங்களுக்கு மிகப் பெரிய சிக்கனம் நெல் மூடைகளிலேயே இருக்கிறது. அறுவடையில் விலை தாழ்ந்திருக்கும்போது எல்லா நெல்லையும் விற்றுவிட்டு, கார்த்திகையில் விலை ஏறிய அரிசியைக் கடைக் கொப்பியில் வாங்கும் வழக்கம் பெருகிவிட்டது. பழைய வீடுகளில் சாப்பாட்டு நெல்லை முதலில் ஒதுக்கிய பின்னர்தான் விற்பனைக்கு நெல் வெளியேறும். ஐந்து பேர் உள்ள வீடு நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி சமைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 550 கிலோ அரிசி வேண்டும். குற்றும்போது போகும் உமியையும் தவிட்டையும் சேர்த்து 850 கிலோ நெல்லைக் காய வைத்து எடுத்து வைத்தால் போதும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது இதைச் செய்வது கடினம் என்பதை அறிவேன். அதனால்தான் அந்தக் கடன்களின் வரிசையை முதலில் பேசினேன்.

சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசி வழக்கத்தை எங்கள் அம்மாமார் வைத்திருந்தார்கள். அந்த ஒரு பிடியால் யாருடைய வயிறும் குறைந்ததில்லை. காசிலும் அதைச் செய்யலாம்: கூலி கிடைத்த நாளிலெல்லாம் வீட்டுக்கு வந்ததும் 100 ரூபாவை உண்டியலில் போட்டுவிட்டுத்தான் மற்றச் செலவு. சாமான் வாங்கும்போது சிறு பைக்கற்றுகளை நாள் தோறும் வாங்குவதைவிட, சீனி, பருப்பு, சவர்க்காரத் தூள் ஆகியவற்றை மாதத்துக்கு ஒரு முறை கைக்காசுக்கு வாங்கினால் விலை குறையும். கைக்காசுக்கு வாங்குபவருக்குக் கடையைத் தெரிவு செய்யும் உரிமையும் உண்டு. கடைக் கொப்பிக்காரருக்கு அது இல்லை.

பெரிய செலவுகளைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கிழக்கில் பெண் பிள்ளைக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். அந்த வீட்டைக் கட்டுவதற்காகத் தகப்பனும் சகோதரர்களும் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள், அதுவும் போதாமல் உறுதியை ஈடு வைக்கிறார்கள். இது தலைமுறைகளாக வரும் ஏற்பாடு. ஒரு கொப்பியால் மாற்றக்கூடியதன்று. வீட்டைப் பகுதி பகுதியாக, வருடத்துக்கு ஒரு அறை என்று கைக்காசில் கட்டுவது அழகுக்குக் குறைவாக இருக்கலாம், ஆனால் கூரை போடுவதற்கு முன்னரே வட்டி தொடங்கிவிடாது. பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும் வீடியோவும் எடுப்பதற்காகக் கடன் வாங்குவதை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த மாட்டேன்.

நகையும் தங்க விலையும்

தங்க விலை ஏறும்போது, ஏற்கெனவே ஈட்டில் இருக்கும் நகைக்கு மேலதிகமாகப் பணம் எடுக்கலாம் என்ற வாய்ப்பு வருகிறது. அதே கொடி, அதே பெட்டி, ஆனால் கடன் மட்டும் வளர்கிறது. கூடிய வட்டியுள்ள தனியார் கடனை முடிப்பதற்காக அந்த மேலதிகப் பணத்தை எடுத்தால் அது நல்ல மாற்று: 60 வீதக் கடன் 18 வீதக் கடனாகிவிடுகிறது. போன் வாங்க எடுத்தால், நகையை மீட்கும் நாள் பின்னால் போகிறது. அடகு வட்டி நிலையானதும் அன்று. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டும் தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாட்டில் கடன் வட்டிகள் ஏறிய அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வீதத்தைக் கேட்டு, பற்றுச்சீட்டில் உள்ள கடைசித் திகதியை கலண்டரில் வட்டமிட வேண்டும், ஏனெனில் மீட்காத நகை ஏலத்துக்குப் போகும்.

இரண்டு சோடிக் காப்பு ஈட்டில் இருக்கும்போது ஒரு சோடியை விற்று மற்றதை மீட்பது மானக்கேடு என்று கருதப்படுகிறது. மூன்று வருட வட்டியைக் கூட்டிப் பார்த்தால், விற்ற சோடியின் பெறுமதியில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வட்டியாகப் போயிருப்பது தெரியவரும்.

கட்ட முடியாமல் போகும்போது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வெள்ளமும் வறட்சியும் வரும். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் கட்ட முடியாமல் நின்றவற்றைத் தள்ளுபடி செய்ய அரசு தீர்மானித்தது. அத்தகைய சலுகை மீண்டும் வரும் என்று காத்திருப்பது திட்டமாகாது. தவணை தவறப்போவது தெரிந்தால், தவறிய பின்னர் ஒளிந்திருப்பதைவிட, ஒரு கிழமைக்கு முன்னரே கிளைக்குச் சென்று எழுத்தில் கேட்பது பயன் தரும்: தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டலாமா, கிழமைத் தவணையை மாதத் தவணையாக்கலாமா, மாரி மாதங்களில் வட்டியை மட்டும் கட்டலாமா என்பன கேட்கத் தகுந்த கேள்விகள்.

வங்கி, நிதிக் கம்பனிக் கடன்களின் வரலாறு 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவாகிறது. கிறிப் என்று ஊரில் சொல்வது அதைத்தான். ஒருவர் தம்முடைய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம். தெரியாமல் தம் பெயரில் பிணைக் கடன் இருப்பதை அப்படிக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. மத்திய வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனம் கடன் அறவிடும்போது தொந்தரவு செய்தால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவிடம் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 2023 இல் இதற்கென ஒழுங்குவிதிகளும் வெளியிடப்பட்டன. ஊரிலுள்ள தனியாரோடு ஏற்படும் சிறு கடன் பிணக்குகளுக்கு, இணக்க சபை என்று நாம் அழைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே வட்டியைக் குறைத்து முதலைத் தவணையாகக் கட்ட இணக்கம் காண்பது நடக்கக்கூடியது.

கடைசியாக, கடன் தீரும் நாளில் செய்ய வேண்டியவை. குழுக் கடன், லீசிங் ஆகியவை முடிந்தால், மீதி எதுவும் இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அடகு மீட்கும்போது நகையை அங்கேயே நிறுத்துப் பார்த்துப் பற்றுச்சீட்டிலுள்ள நிறையோடு ஒப்பிட வேண்டும். தனியாரிடம் வாங்கியவர், கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்த வெற்றுத் தாள், வெற்றுக் காசோலை, காணி உறுதி, வங்கி அட்டை என எதைக் கொடுத்திருந்தாலும் அதைக் கையில் வாங்கிய பின்னரே கடைசி ஆயிரம் ரூபாவைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்குத் திகதியிட்டு எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, அந்தத் தாளைக் கொப்பியின் நடுப்பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம்.